துண்டு போட்ட நாற்காலி

திருவண்ணாமலைக்கு நான் போனது இன்னொருவருடைய வேண்டுதலை நிறைவேற்ற. மலேசியாவின் கிள்ளானில் நான் வேலை பார்க்கும் சாப்பாட்டுக் கடையின் முதலாளிக்கு முட்டியில் அறுவை சிகிச்சை. மலையைச் சுற்றுவதாக வேண்டிக்கொண்டவரால் இனி அவ்வளவு தூரம் நடக்க முடியாது. அவருக்காக வேறு யாராவது நடந்தாலும் சேரும் என்று எங்கள் ஊர்க் கோயில் குருக்கள் சொல்லிவிட்டார். கடையில் ஏழு பேர். ஆறு பேருக்குக் குடும்பம் இருந்தது. எனக்கு இல்லை.

என்னை அனுப்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கையுறைத் தொழிற்சாலையில் ஒரு விரலின் நுனியை விட்டுவிட்டு வந்தேன். அப்புறம் மீன் படகு, சந்தை ராட்டினம், லாரியில் கிளீனர் வேலை. எதிலும் மூன்று வருடம் தாண்டியதில்லை. ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்க எனக்கு வராது. முதலாளிக்கு அது தெரியும். நடக்கச் சொன்னால் நடப்பேன் என்பதும் தெரியும்.

ஆடிப் பௌர்ணமியன்று விடியுமுன் கிளம்பி, வெறுங்காலோடு பதினான்கு கிலோமீட்டரும் நடந்தேன். கூட்டத்தில் நடப்பது சுலபம், நின்றால்தான் இடிப்பார்கள். எட்டு மணிக்கெல்லாம் தார் சுட ஆரம்பித்துவிட்டது. செங்கம் சாலையில் ஒரு கடையில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன். அதற்கு எதிரிலேயே ஒரு காப்பிக் கடையில் வெள்ளைக்காரர்கள் வேட்டி கட்டிக்கொண்டு, ரொட்டித் துண்டின் மேல் ஏதோ பச்சையாகத் தடவி, கண்ணை மூடித் தின்றுகொண்டிருந்தார்கள். இங்கே டீ விரல் உயரக் கிளாஸில் வருகிறது. எங்கள் ஊரில் அந்த அளவை ருசி பார்க்கக் கொடுப்பார்கள். மூன்று வாங்கிக் குடித்தேன்.

முதலாளிக்கு மலையைப் படம் எடுத்து அனுப்பினேன். வேலை முடிந்தது. ஊருக்குத் திரும்ப இன்னும் நாள் இருந்தது. நான் கெடுவது எப்போதும் இப்படி மிச்சமிருக்கும் நாட்களில்தான்.

மறுநாள் சனிக்கிழமை. கூட்டத்தில் பார்க்காமல் விட்ட அடி அண்ணாமலைக் கோயிலைப் பார்க்க ஷேர் ஆட்டோவில் ஏறினேன். ஒன்பது பேர், ஒரு மூட்டை வெங்காயம். பாதி வழியில் பின் சக்கரம் கழன்று எங்களுக்கு முன்னால் உருண்டு போனது. யாரும் பதறவில்லை. வெங்காயக்கார அம்மா இறங்கி, சக்கரத்தைப் பார்த்து, “அதுக்கு இன்னா அவசரமோ” என்றார். கொஞ்ச நேரத்தில் ஒரு டிராக்டர் வந்தது. ஓட்டியவன் கயிறு போட்டு ஆட்டோவைச் சாலையோரம் இழுத்துவிட்டான். எங்களை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டான்.

டிரெய்லரில் நான்கு இரும்புத் தூண்கள், பலகைகள், தென்னைநார் மெத்தைகள், சைக்கிள் டியூப் சுற்றிய தடித்த கயிறுகள். பந்தல் சாமான் என்று நினைத்துக் கேட்டேன். மல்யுத்தத்துக்கு என்றான். டிவியில் வருமே, ஒருத்தனை ஒருத்தன் தூக்கிப் போடுவார்களே, அந்த மாதிரி. நாளைக்கு டவுனில் கல்யாண மண்டபத்தில் நடக்கிறது. அவனும் சண்டை போடுகிறான்.

“நீங்க ஜெயிப்பீங்களா?” என்று கேட்டேன்.

“நான் வில்லன்ணா” என்றான், வேறு கேள்விக்கு இடமில்லை என்பதுபோல.

அவன் பெயர் ஏழுமலை. அடி அண்ணாமலையிலேயே பிறந்தவன். முப்பத்தைந்து வயதிருக்கும். வாடகைக்கு டிராக்டர் ஓட்டுகிறவன். மேடையில் மட்டும் அவன் ‘வேலூர் வெறியன்’. வேலூரில் அவனுக்கு ஒருவரையும் தெரியாது. ஆனால் வில்லன் பக்கத்து ஊர்க்காரனாக இருந்தால்தான் சனம் மனசார ஏசும் என்று அவர்களுடைய மாஸ்டர் முடிவு செய்துவிட்டார். ஏழு வருடமாக ஏசுகிறார்கள். கடைக்குப் போனால்கூட ‘வேலூரான் பொண்டாட்டி’ என்கிறார்கள் என்று, அவன் சாப்பிடக் கூட்டிப்போன வீட்டில், அவன் மனைவி எனக்குக் கூழ் ஊற்றியபடி சொன்னாள். கூழுக்குத் தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடு. கால் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு, லாட்ஜுக்குப் போக வேண்டாம், மோட்டார் கொட்டகையில் கட்டில் இருக்கிறது என்று அவர்களே சொன்னார்கள். நான் மறுப்பவன் இல்லை.

அன்று சாயங்காலம் வேர்க்கடலை காயப்போடும் களத்தில் ஒத்திகை நடந்தது. மாஸ்டர் பெயர் கவுஸ். டவுனில் உடற்பயிற்சிக் கூடம் வைத்திருக்கிறார். அறுபது வயதிலும் கழுத்தே தெரியாத உடம்பு. அவர்தான் நடுவரும். ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கும், அதனால் வருடத்துக்கு ஒரு மாதம் தாங்களும் மாப்பிள்ளைகள்தான் என்றார்.

நாயகனாக வருகிறவன் சதீஷ். மொபைல் கடையில் வேலை. மேடையில் ‘மலைஜோதி’. ஏழு வருடமாக ஜெயித்துக்கொண்டிருப்பவன். நாளைக்கு ஏழுமலை ஜெயிக்க வேண்டும் என்று மாஸ்டர் தீர்மானித்திருந்தார். எப்பவும் ஒருத்தனே ஜெயித்தால் அடுத்த வருடம் யார் வருவார்கள் என்பது அவர் கணக்கு. சதீஷுக்கு அது பிடிக்கவில்லை. அவன் மாமனார் வீட்டார் போளூரிலிருந்து வருகிறார்களாம்.

“ஜெயிச்சுட்டு இன்னா பண்ணுவ, வேலூர்ல ஊர்வலம் விடுவியா?” என்றான் ஏழுமலையிடம்.

“உன்ன பல்லக்குல வச்சு தூக்கினு போவேன், வா” என்றான் ஏழுமலை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சதீஷ் சிரிக்கவில்லை. கொஞ்சம் வார்த்தை தடித்தது. மாஸ்டர் இருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அடங்கியது.

ஒத்திகையைப் பார்த்தபோதுதான் அந்தத் தொழில் எனக்குப் புரிந்தது. ஏழுமலை யாரையாவது தூக்கி எறியும் முன் அவன் மணிக்கட்டை இரண்டு தரம் அழுத்துவான். அவனும் திருப்பி இரண்டு தரம் அழுத்தினால்தான் தூக்குவான். தூக்கியவனைக் கீழே போடும்போது தன் முழங்காலைத்தான் முதலில் தரையில் இடித்துக்கொள்வான். பார்க்கிறவனுக்கு எலும்பு நொறுங்கியதுபோல இருக்கும். விழுந்தவன் எழுந்து பீடி கேட்பான்.

அன்று ராத்திரி சாப்பாடானதும் ஏழுமலை ஒரு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து கவிழ்த்தான். மண்டபத்து நாற்காலிகளில் ஒன்று. முதுகில் சிவப்பு வர்ணத்தில் மண்டபத்தின் எழுத்து இருந்தது. ரம்பத்தின் அலகைச் சூடாக்கி, நான்கு கால்களையும் முதுகையும் ஒட்டுமிடத்தில் அடியிலிருந்து அறுத்தான். நகத்தின் கனம் மட்டும் மிச்சம் வைத்தான். அறுத்த கோட்டில் மெழுகு தடவி மூடினான். இதை வைத்துத்தான் நாளை சதீஷின் முதுகில் அடிக்கப் போகிறான். பட்டதும் தூள் தூளாகச் சிதறும். சத்தம் பெரிதாக இருக்கும், வலி இருக்காது. ஆனால் முழு பலத்தோடு ஓங்க வேண்டும். பாதி பலத்தில் அடித்தால் சிதறாது.

இதற்கு அவனுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. நாற்காலி சனத்தோடு சனமாக, இரண்டாவது வரிசையில், நடைபாதை ஓரத்தில் கிடக்க வேண்டும். அதில் யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்ள, பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். உள்ளூர்க்காரன் என்றால் கண்டுபிடித்துவிடுவார்கள். நான் வெளியூர், எனக்கு முகம் கிடையாது.

அடையாளத்துக்கு முதுகில் சாக்பீஸால் கோடு போட்டுவிடுகிறேன் என்றான் ஏழுமலை. கோடு எல்லோர் கண்ணிலும் படும், என் துண்டைப் போட்டு வைக்கிறேன் என்றேன் நான். பச்சைக் கட்டம் போட்ட துண்டு. துண்டு போட்ட இடத்தை யாரும் தொடமாட்டார்கள், பஸ்ஸிலேயே பார்த்திருக்கிறேனே என்றும் சொன்னேன். அவன் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டான்.

“மேல சாயக்கூட கூடாதுணா. எந்திரிச்சு எங்கயும் போயிடாதீங்க” என்றான். பிறகு ரம்பத்தைத் துடைத்தபடி சொன்னான்: “ஏழு வருஷமா அடிக்கிறேன். என் கையால ஒருத்தனுக்கு நகம் பேந்தது கிடையாது. அது ஒண்ணுதான் எனக்கு. அது போச்சுன்னா அப்புறம் எவனும் எனக்கு முதுவு காட்ட மாட்டான்.”

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. மணவறை இருக்கும் இடத்தை ஒட்டி மேடை. தரையில் விரித்திருந்தது யாருடைய கல்யாணத்துக்கோ அடித்த பேனர். வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி திருப்பிப் போட்டிருந்தார்கள். ஓரம் மடங்கிய இடத்தில் மாப்பிள்ளையின் ஒரு காது தெரிந்தது. கல்லூரிப் பையன்கள், வயல்வேலை முடித்து வந்த பெண்கள், மல்லிகை வைத்த பாட்டிமார், ஆசிரமப் பக்கத்திலிருந்து வெள்ளை உடுத்திய இரண்டு வெளிநாட்டவர். எங்கள் ஊரில் இப்படி ஒரு ஆட்டம் என்றால் கையில் குளிர்பானத்தோடு அமைதியாகப் பார்ப்பார்கள். இங்கே முதல் ஆள் மேடை ஏறுமுன்பே சண்டை வரிசைகளில் தொடங்கிவிட்டது.

நான் இரண்டு ஆட்டம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் என் துண்டு. இரண்டு பேர் வந்து கேட்டார்கள், ஆள் வருகிறது என்றேன். மூன்றாவது ஆட்டத்தில் என் கால் தானாக ஆட ஆரம்பித்தது. காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. வாசலில் போண்டா பொரிக்கும் வாசனை. அடுத்ததுதான் கடைசி ஆட்டம், அதற்குப் பத்து நிமிட இடைவேளை என்று மைக்கில் சொன்னார்கள். ஐந்து நிமிடம்தான் என்று எழுந்து போனேன். துண்டு இருக்கிறதே என்று போனேன்.

போண்டா தின்றேன். டீ குடித்தேன். டீக்கடைக்காரர் மலேசியாவில் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார், அதற்குப் பதில் சொன்னேன். கொட்டு முழங்கும் சத்தம் கேட்டுத்தான் உள்ளே ஓடினேன்.

என் வரிசையில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. ஓர் அம்மா, அவர் கணவர், இரண்டு பெண்பிள்ளைகள். நாற்காலிகளை முன்னும் பின்னும் நகர்த்திப் போட்டிருந்தார்கள். நடைபாதை ஓரத்தில் இரண்டு நாற்காலி காலியாக இருந்தது. ஒன்றில் என் துண்டு.

“அண்ணா, நாலு பேரு ஒண்ணா உக்காரணும்னு கொஞ்சம் நகத்திட்டோம். உங்க எடத்த பத்திரமா வச்சிருக்கேன்” என்றார் அந்த அம்மா.

நான் போட்டுவிட்டுப் போனபோது துண்டு ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது நான்காக மடித்து, நாற்காலியின் முதுகில் அழகாக வைத்திருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. நாற்காலியை நகர்த்தினார்களா, துண்டை மட்டும் நகர்த்தினார்களா என்று கேட்டிருக்கலாம். உட்கார்ந்து பார்க்க முடியாது, அதுவாக இருந்தால் முறிந்துவிடும். அடியில் குனிந்து அறுத்த கோட்டைப் பார்க்கலாம். ஆனால் அந்த அம்மாவின் காலடியில், சேலை ஓரத்தில், முன்பின் தெரியாத ஆண்பிள்ளை எப்படிக் குனிவது? யாராவது சத்தம் போட்டால்? அதற்குள் விளக்கை அணைத்து, மேடையில் மட்டும் வெளிச்சம் போட்டார்கள். சரியாகத்தான் இருக்கும் என்று மற்றதில் உட்கார்ந்தேன்.

வேலூர் வெறியன் கறுப்பு முகமூடியோடு வந்தான். மைக்கைப் பிடுங்கிக்கொண்டான்.

“உங்க ஊர்ல இன்னா இருக்குது? ஒரு மலை. அதையும் சும்மா சுத்தினே இருக்கீங்க. எங்க ஊர்ல கோட்டை இருக்குது, ஜெயிலு இருக்குது. வெயிலு கூட உங்களுக்கு நாங்கதான் அனுப்பறோம்!”

மண்டபம் கொதித்தது. “டேய் வேலூரு, கடைசி பஸ்ஸு போயிடப் போவுது, ஏறுடா” என்று பின்னாலிருந்து ஒரு பாட்டி கத்தினார். முகமூடிக்குள் அவன் சிரிப்பது எனக்குத் தெரிந்தது.

சண்டை கால் மணி நேரம் நடந்தது. மலைஜோதி தூக்கி எறிந்தான், வெறியன் விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான். கடைசியில் செத்தவன்போலக் கிடந்தான். சதீஷ் மேடை நடுவில் நின்று, சனத்தைப் பார்த்து இரண்டு கையையும் உயர்த்தினான். ஏழுமலைக்கு முதுகைக் காட்டி நின்றான். எல்லாம் பேசி வைத்தபடி.

ஏழுமலை கயிற்றுக்கு அடியில் உருண்டு இறங்கி, நேராக என்னிடம் வந்தான். துண்டை எடுத்து என் முகத்தில் வீசினான். சனம் சிரித்தது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஏறினான். அப்போது நான் வாயைத் திறந்திருந்தால் அவனுக்குக் கேட்டிருக்கும். துண்டு முகத்தில் இருந்தது. அதை எடுப்பதற்குள் அவன் ஓங்கிவிட்டான்.

சிதறும் சத்தம் வரவில்லை. மொத் என்று ஒரு சத்தம், நெல் மூட்டை விழுந்தாற்போல. நாற்காலியின் கால் ஒன்று சதீஷின் காதுக்குக் கீழே இறங்கியது. நாற்காலி அப்படியே எகிறிக் கீழே சனத்துக்குள் போய் விழுந்தது. சதீஷ் கையை ஊன்றாமல் முகம் குப்புற விழுந்தான்.

மண்டபம் முழுக்க எழுந்து நின்று கத்தியது. இவ்வளவு நிஜமாக அவர்கள் பார்த்ததில்லை. ஏழுமலை அவன் மேல் குனிந்து, மணிக்கட்டைப் பிடித்து இரண்டு தரம் அழுத்தினான். மறுபடி இரண்டு தரம். பதில் இல்லை. மேலே விழுந்து அமுக்குகிறான் என்று நினைத்த மாஸ்டர், பழக்கத்தில் தரையைத் தட்டி மூன்று எண்ணிவிட்டார். மணி அடித்தது. ஏழு வருடத்தில் ஏழுமலை முதல் முறையாக ஜெயித்தான். முகமூடியைக் கழற்றிவிட்டு, “பாய், ரத்தம் வருது பாய்” என்றான்.

சதீஷைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சனம் முண்டியடித்துக் கலைந்தது. நாற்காலிகள் எல்லாப் பக்கமும் கவிழ்ந்து கிடந்தன. என் வரிசையில், அந்தக் குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்தில், சுவரோரம் ஒரு நாற்காலி மட்டும் நேராக நின்றது. அந்த அம்மா அதில் பையையும் டிபன் கேரியரையும்தான் வைத்திருந்தார். போகும்போது எடுத்துக்கொண்டு போனார். நான் அதன் மேல் காலை வைத்து மெதுவாக அழுத்தினேன். காய்ந்த குச்சிபோல நான்கு காலும் முறிந்து விழுந்தது.

முறிந்த நாற்காலியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. இடது காதில் கேட்கவில்லை. போகப்போகத் தெரியும் என்றார்களாம். சதீஷின் மனைவி தாழ்வாரத்தில் எல்லோரும் கேட்க ஏழுமலையிடம் பேசினாள். ஜெயிக்கிறவனுக்குக் கட்டும் பெல்ட்டுக்காக அடித்தாயா என்று கேட்டாள். களத்தில் நடந்த வாக்குவாதத்தை யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். அவன் கும்பிட்டுக்கொண்டு நின்றான். மாஸ்டர் அவனைத் தனியே அழைத்துப் போய், தான் அப்படி நினைக்கவில்லை, ஆனாலும் பையன்கள் பயப்படுகிறார்கள், கொஞ்ச நாள் வர வேண்டாம் என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் டிராக்டர் நின்றது. இருக்கைக்குப் பின்னாலிருந்து ஒரு சாக்கை எடுத்து ஏழுமலை என் முன்னால் கொட்டினான். விடிந்ததும் மண்டபத்துக்குப் போய்ப் பொறுக்கி வந்திருக்கிறான். அறுத்த கால்கள், ஓரத்தில் மெழுகு.

“அவன் மேல பட்டது இதுதானாணா? நீங்கதான கூடவே இருந்தீங்க.”

அவனுக்கு என் மேல் சந்தேகம் துளியும் இல்லை. கேட்டது தன்னைப் பற்றி.

“இதுதான்” என்றேன்.

அவன் ஒரு காலை எடுத்து முறிந்த இடத்தைத் தடவிப் பார்த்தான். “அப்ப கீழ விழுந்தப்புறம்தான் ஒடைஞ்சிருக்குது. தட்டையா படல. ஓரமா பட்டிருக்குது.” காலைச் சாக்குக்குள் போட்டான். “என் கைதான்” என்றான்.

பேருந்து நிலையத்துக்கு அவனே கொண்டுவந்து விட்டான். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. வழியில் இறங்கி என் காலுக்குக் களிம்பு வாங்கித் தந்தான். பஸ் கிளம்ப இருபது நிமிடம் இருந்தது. அவ்வளவு நேரமும் ஜன்னலுக்கு வெளியே நின்றான். நானும் ஜன்னலில் இருந்தேன். சொல்ல நேரமில்லை என்று என்னால் சொல்லிக்கொள்ள முடியாது.

முதலாளியின் முட்டி தேறிவிட்டது. நான் நடந்ததுதான் காரணம் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார்.

ஏழுமலையை மாதத்துக்கு ஒரு முறை கூப்பிடுகிறேன். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுவது என்றுதான் கூப்பிடுகிறேன். சதீஷ் மறுபடி கடைக்குப் போகிறான், ஒரு காது மந்தம்தான், போனை வலது பக்கம் மாற்றிக்கொண்டான். வீட்டுக்கே வந்து, போனது போகட்டும், வா என்று ஏழுமலையைக் கூப்பிட்டானாம். இவன் போகவில்லை.

போன வாரம் பேசும்போது பின்னால் ஏதோ உடையும் சத்தம் கேட்டது. என்ன என்றேன்.

“சேருணா. பழைய சேரா வாங்கி அறுத்து, தவிட்டு மூட்டை மேல அடிச்சுப் பாக்கறேன். தட்டையா அடிச்சேன், ஓரமா அடிச்சேன். இதோட பதினொண்ணு. எப்படி அடிச்சாலும் ஒழுங்காதான் ஒடையுது. அன்னிக்கு மட்டும் என் கை இன்னா பண்ணுச்சுன்னு தெரியலணா.”

அங்கே மழை உண்டா என்று கேட்டேன்.